ஆமதாபாத்தில் ஒரு வீட்டு வழக்கு

பம்பாயிலும் ஆமதாபாத்திலும் குடியேறிய நம்மவர்க்குச் ‘சொஸைட்டி’ என்னும் சொல் புதியதன்று. வீட்டுக்காரர் இசைந்த பின்னரும் சொஸைட்டியின் இசைவு வேண்டுமெனக் கேட்டுத் திகைத்தவர்கள் நம்முள் பலர். வீட்டுக்கு உரியவர் யார்? அவரா, சங்கமா? இவ்வினாவுக்கு நீண்ட வரலாறு உண்டு.

கன்னடக் கடற்கரையிலிருந்து பிழைப்பு நாடிப் பம்பாய்க்கு வந்த சாரஸ்வதர், நம்மைப் போலவே, குடியிருக்க நல்ல இடமின்றி இடர்ப்பட்டனர். ஸ்ரீபாத் சுப்ப ராவ் தல்மாகி என்பாரின் முயற்சியால் 1915-இல் காம்தேவியில் அவர்களுடைய கூட்டுறவு வீடமைப்புச் சங்கம் பதிவாயிற்று. முன்பின் அறியாதவரை நம்பிப் பணம் போடத் தயங்குவோர், தம் இனத்தாரை நம்பிப் போட்டனர். சங்கத்தை நிறுத்திய தூண் அந்த நம்பிக்கையே. பிற்காலத்தில் பூசல் முளைத்ததும் அதன் அடியிலேதான்.

1925-இல் பம்பாய்க் கூட்டுறவுச் சங்கச் சட்டம் பிறந்தது. மறு ஆண்டே ஆமதாபாத்தில் பார்சிகள் ஒரு வீடமைப்புச் சங்கம் கண்டனர். பார்சிகளே அங்கத்தினராகலாம் என்பது அதன் துணைவிதி. பல்லாண்டுகளுக்குப் பின், தந்தை வழியில் அங்கத்தினரான ஒருவர், தம் பங்களாவை இடித்து வணிகக் கட்டடம் எழுப்ப அனுமதி வேண்டினார். சங்கம் மறுத்தது, குடியிருப்புக்கான அடுக்கு வீடுகள் கட்டலாம், ஆனால் பார்சிகளுக்கே விற்கவேண்டும் என்றது. அவரோ கட்டட நிறுவனம் ஒன்றுடன் பேரம் பேசலானார். சங்கம் வழக்காடியது.

சொத்தை விற்கும் உரிமைக்கு அவ்விதி முட்டுக்கட்டை என்று கூட்டுறவுத் தீர்ப்பாயம் கருதியது. குஜராத் உயர் நீதிமன்றமும் அவ்வாறே கொண்டது. ஆனால் 2005 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இம்முடிவை மாற்றிவிட்டது. சங்கம் அமைக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-ஆம் விதி அளிக்கிறது; அதில் சேர்ந்தவர் அதன் துணைவிதிகளுக்குத் தாமே கட்டுப்பட்டவர்; அடிப்படை உரிமைகளை அரசுக்கு எதிராகக் கோரலாமேயன்றி இத்தகைய சங்கத்துக்கு எதிராக அன்று; மாற்றம் வேண்டுமெனில் அதைச் செய்ய வேண்டியது சட்டமன்றமே என்பது தீர்ப்பின் சாரம்.

ஒப்பந்தம் என்ற அளவில் இது பொருந்துகிறது. ஆயினும், விதியை வகுத்தது ஒரு தலைமுறை; அதன் பாரத்தைச் சுமந்தது அடுத்த தலைமுறை. தந்தையின் வீட்டைப் பெறும் மகன் விதியை ஏற்காமல் அங்கத்தினராவது எங்ஙனம்? அவன் தந்த இசைவு எவ்வளவு சுதந்திரமானது என்று நாம் கேட்கத் தோன்றுகிறது. வீடு தேடி வாயிலில் நிற்கும் அயலாரோ இவ்வழக்கில் ஒரு கட்சியாகவே இல்லை.