விடுதிக்குள் நுழைந்த காய்ச்சல்

நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கும் விடுதியில் தொற்றுக் காய்ச்சல் புகுந்துவிட்டால் என்ன செய்வது? விடை தேட நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. ஆதம்பாக்கத்தை அடுத்த பரங்கிமலையில் மின்சார ரயில் ஏறினால் அடுத்த நிலையம் கிண்டி. அம்மைப்பால் தயாரிப்பதற்காக 1899-ல் தோன்றிய கிங் நிலையம் அங்கேதான் இருக்கிறது. அப்பகுதியிலேயே இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பரந்த வளாகமும் உள்ளது.

முதலில் ஒரு கப்பலைப் பார்ப்போம். 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து ‘ரஜூலா’ என்னும் பயணிகள் கப்பல் சென்னைத் துறைமுகத்தை அடைந்தது. நெருக்கமான படுக்கைகள், பலரும் கூடி உண்ணும் இடம். கப்பலும் ஒரு மிதக்கும் விடுதிதானே! வழியிலேயே பலருக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. ‘ஆசிய ஃப்ளூ’ இந்தியாவிற்குள் நுழைந்த வழி இதுவே. 1958 பிப்ரவரிக்குள் நாடெங்கும் பதிவான நோயாளிகள் 44 லட்சத்திற்கும் மேல்; இறந்தவர்கள் ஆயிரத்திற்கும் மேல்.

இதை ஏன் தடுக்க முடியவில்லை? ஃப்ளூ கண்டவர், காய்ச்சல் தெரிவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்பே பிறருக்கு அதைப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். காய்ச்சல்காரரை மட்டும் பிரித்து வைப்பதற்குள் கிருமி அடுத்தவரிடம் தாவிவிடுகிறது.

இனி 2020 டிசம்பருக்கு வருவோம். அப்போது பரவியது ஃப்ளூ அன்று, கொரோனா. அது வேறு குடும்பத்து வைரஸ். ஆனால் மூச்சுக்காற்றின் வழியே பரவுவதிலும், அறிகுறி தெரியுமுன்பே தொற்றுவதிலும் இரண்டும் ஒன்றே. தொழில்நுட்பக் கழக விடுதிகளில் அச்சமயம் 700-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தங்கியிருந்தனர். உணவுக்கூடம் ஒன்றே இயங்கியது. உண்ணும்போது முகக்கவசத்தைக் கழற்றித்தானே ஆக வேண்டும்? அங்கு கூடியதே பரவலுக்குக் காரணம் எனச் சுகாதார அதிகாரிகள் கருதினர். சில நாட்களில் தொற்றியோர் எண்ணிக்கை நூற்றைத் தாண்டியது.

நிர்வாகம் என்ன செய்தது? ஆய்வுக்கூடங்களையும் நூலகத்தையும் மூடியது. உணவைப் பொட்டலமாக அறைக்கே அனுப்பியது. காய்ச்சல் உள்ளவர், இல்லாதவர் என்று பாராமல் விடுதி மாணவர் அனைவருக்கும் பரிசோதனை நடந்தது. தொற்றியவர்கள் கிங் நிலைய வளாகத்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அறிகுறிக்காகக் காத்திராமல் தேடிச் சென்று கண்டறிந்ததுதான் இதில் முக்கியமானது.

மாணவ நண்பர்களே! ஃப்ளூவிற்கும் இதே வழிதான். ஆனால் எல்லோருக்கும் நாள்தோறும் பரிசோதனை செய்ய இயலாது. முதல் செய்தி நோயுற்றவரிடமிருந்தே வர வேண்டும். பரீட்சை நெருங்கும்போது காய்ச்சலை மறைக்கத் தோன்றும்; மாத்திரை போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போகத் தோன்றும். அந்த ஒரு நாளில் பக்கத்து இருக்கைக்காரரின் வீட்டிலுள்ள முதிய பாட்டிக்கும் கைக்குழந்தைக்கும் நோய் போய்ச் சேரலாம். ஃப்ளூ அவர்களைத்தான் கடுமையாகத் தாக்கும்.

எனவே காய்ச்சல் கண்டால் உடனே சொல்லுங்கள். மாத்திரையின்றிக் காய்ச்சல் விட்டு ஒரு நாளேனும் ஆகும்வரை அறையிலேயே இருங்கள். சன்னல்களைத் திறந்து வையுங்கள். கல்லூரிக்கும் ஒரு கடமை உண்டு. உண்மையைச் சொன்ன மாணவன் வருகைப் பதிவையோ பரீட்சையையோ இழக்கும்படி விடக்கூடாது. சொன்னவனுக்குத் தண்டனை கிடைக்கும் விடுதியில் அடுத்தவன் சொல்லமாட்டான்.