கல்லறைப் பொருள்களும் மறுமை நம்பிக்கையும்: பழைய எகிப்து தரும் சான்று

ஆதியாகமம் படைப்பின் வரலாற்றோடு தொடங்கி, எகிப்தில் வைக்கப்பட்ட ஒரு பெட்டியோடு முடிவடைகிறது. யாக்கோபின் உடலுக்கு 40 நாள் சுகந்தவர்க்கமிடப்பட்டதையும், எகிப்தியர் அவருக்காக 70 நாள் துக்கங்கொண்டாடியதையும் அதன் இறுதி அதிகாரம் கூறுகின்றது. யோசேப்பும் 110 வயதில் மரித்து, அவ்வாறே பதப்படுத்தப்பட்டுப் பெட்டியில் வைக்கப்பட்டார். இவ்விரு அடக்கங்களையும் குறித்துப் பலமுறை பிரசங்கிக்கும் நாம், அப்பெட்டியைச் செய்தவர்களின் நம்பிக்கை யாது என்று கேட்பது அரிது. அவர்கள் கல்லறையில் வைத்த பொருள்களே அக்கேள்விக்கு விடை தருகின்றன.

கி.மு. 4000 அளவில் நைல் பள்ளத்தாக்கில் வாழ்ந்த மக்கள், இறந்தோரின் முழங்கால்களை மடக்கிப் பாலைநிலத்து மணற்குழிகளில் படுக்கவைத்தனர். அருகில் மட்பாண்டங்களையும், கண்மை அரைக்கும் கற்பலகைகளையும் வைத்தனர். சுடுமணல் ஈரத்தை உறிஞ்சியதால் உடல்கள் கெடாமல் உலர்ந்தன. செல்வர்கள் பெட்டியும் கட்டடக் கல்லறையும் அமைத்து உடலை மணலிலிருந்து பிரித்த பின்னரே பதப்படுத்தும் கலை தேவையாயிற்று என்பது நெடுநாள் வழங்கிய விளக்கம். ஆனால் மணற்குழிக் காலத்திலேயே உடலைச் சுற்றிய துணிகளில் பிசின் கலவை பூசப்பட்டிருந்தது என்பதை 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உடல் அழியலாகாது என்னும் கவலை அத்துணைப் பழைமையானது.

பிற்காலத்தில் இக்கலை முறைப்படுத்தப்பட்டது. ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகியவை எடுக்கப்பட்டு நான்கு சாடிகளில் வைக்கப்பட்டன. உடல் நாட்ரான் என்னும் உப்பில் உலர்த்தப்பட்டு, மெல்லிய சணல்நூல் துணிகளால் சுற்றப்பட்டது. மரணத்திலிருந்து அடக்கம்வரை 70 நாள் என்பது மரபு. ஆதியாகமத்தின் எண்ணும் இதனோடு ஒத்திருக்கின்றது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், பதப்படுத்துவோர் மரத்தால் செய்த மாதிரிகளைக் காட்டி விலை பேசினர் என்றும், விலைக்கேற்ப மூன்று தரங்கள் இருந்தன என்றும் குறிப்பிடுகின்றார்.

மூளையை அகற்றிய எகிப்தியர் இதயத்தை மட்டும் உடலிலேயே விட்டுவைத்தனர். அதுவே அறிவுக்கும் நினைவுக்கும் இருப்பிடம் என்று அவர்கள் கருதினர். மறுமையில் இறந்தவனின் இதயம், மாஅத் என்னும் சத்தியத்தின் இறகுக்கு எதிராகத் தராசில் நிறுக்கப்படும். அங்கே 42 நடுவர்முன் அவன், தான் கொலை செய்யவில்லை, தராசில் வஞ்சனை செய்யவில்லை, எவரையும் அழவைக்கவில்லை என்று அறிக்கையிட வேண்டும். இந்த நியாயத்தீர்ப்பில் வெளிப்படும் அறநெறி உயர்ந்தது என்பதை நாம் தயக்கமின்றி ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயினும், அதே கல்லறையில் இன்னொரு பொருளும் உண்டு. மம்மியின் மார்பின்மேல் பச்சைக்கல்லில் செதுக்கிய வண்டுருவம் ஒன்று வைக்கப்பட்டது. நியாயத்தீர்ப்பின்போது தனக்கு எதிராகச் சாட்சி சொல்லவேண்டாம் என்று தன் இதயத்தையே வேண்டும் மந்திரம் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. மறுமைக்குரிய மந்திரங்கள் அடங்கிய பாப்பிரஸ் சுருள்களும், பெயருக்கு இடம் விட்டு முன்னதாகவே எழுதப்பட்டு, வாங்குபவரின் பெயர் பின்னர் நிரப்பப்பட்டதுண்டு. இதயத்தைக் கடவுளர் நிறுப்பர் என்று நம்பியவர்களே, அந்த இதயத்தை வாய்மூடச் செய்யவும் வழி தேடினர்.

உஷப்தி எனப்படும் சிறு உருவங்கள் இதனினும் சிந்தனைக்குரியவை. மறுமையிலும் வயல்களைப் பயிரிட, நீர் பாய்ச்ச, மணல் சுமக்க அழைப்பு வரும் என்று எகிப்தியர் அஞ்சினர். அவ்வேளையில் இறந்தவனுக்குப் பதிலாக எழுந்து பணிசெய்வதே இவ்வுருவங்களின் கடமை. 1922இல் கண்டுபிடிக்கப்பட்ட துட்டன்காமுனின் கல்லறையில் 413 உஷப்திகள் இருந்தன. அவற்றுள் சில மற்றவற்றை மேய்க்கும் கண்காணிகள். அரசு மக்களை இழுத்துச்சென்று வாங்கும் கட்டாய வேலை மரணத்துக்குப் பின்னும் தொடரும் என்று எண்ணிய சமுதாயம் இது. அவ்வேலையை ஒழிக்க அது எண்ணவில்லை; தன் பங்கை வேறொருவன் தலையில் ஏற்றவே எண்ணியது. யாத்திராகமத்தின் ஆளோட்டிகளையும் செங்கற்களையும் அறிந்த வாசகருக்கு இதன் பொருள் விளங்கும்.

இப்பொருள்களைக் கொண்டு எகிப்தியர் அனைவரையும் அளப்பதும் தவறு. 1906இல் கொள்ளைபோகாத நிலையில் கண்டெடுக்கப்பட்ட, கா என்னும் கட்டடப்பணி மேற்பார்வையாளரின் கல்லறையில் கட்டில், இருக்கை, ஆடை, அப்பம் எனப் பல நூறு பொருள்கள் இருந்தன. அவருடைய மனைவி மெரித் கிடத்தப்பட்டிருந்த பெட்டியில் காவின் பெயரே காணப்படுகின்றது; தனக்கென்று செய்வித்ததை முன்னதாக இறந்த மனைவிக்கு அவர் கொடுத்தார் போலும். இதற்கு மாறாக, கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அக்கெனாத்தன் எழுப்பிய தலைநகராகிய அமர்னாவில், 2005 முதல் எளிய மக்களின் அடக்க நிலங்கள் அகழப்பட்டன. அங்கே பெரும்பாலோர் பதப்படுத்தப்படாமல், பாயில் சுற்றி மணலில் புதைக்கப்பட்டிருந்தனர். எலும்புகளில் ஊட்டக்குறைவின் அடையாளங்களும், பாரம் சுமந்ததால் முதுகெலும்பில் ஏற்பட்ட சிதைவும் காணப்பட்டன. வடபுறத்து அடக்க நிலத்தில் கிடைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் 7 முதல் 25 வயதுக்குட்பட்டவர்கள். சில குழிகளில் இருவரும் அதற்கு மேற்பட்டோரும் சேர்த்து இடப்பட்டிருந்தனர். இவர்களை எபிரெயரோடு இணைக்க ஆதாரம் எதுவும் இல்லை. ஆயினும், உஷப்தி வாங்க வசதியற்றவர்களே உஷப்தியின் வேலையை உயிரோடு செய்தார்கள் என்பதற்கு இவர்கள் சாட்சிகள்.

செல்வரின் கல்லறைகளும் நிலைத்து நின்றனவல்ல. ஒன்பதாம் இராம்சேஸின் காலத்தில், ஏறத்தாழ கி.மு. 1110இல் நடந்த விசாரணையில், ஒரு கல்தச்சன் தானும் தன் கூட்டாளிகளும் ஓர் அரசனுடைய கல்லறையை உடைத்து, மம்மியின் பொன்னை எடுத்துக்கொண்டு, பெட்டிகளைத் தீயிட்டதாக ஒப்புக்கொண்டான். அவ்விசாரணையின் ஏடு இன்றும் இருக்கின்றது. பிற்காலக் குருக்கள் பல பார்வோன்களின் உடல்களை எடுத்து, மறுபடியும் துணிசுற்றி, ஒரே மறைவிடத்தில் சேர்த்து வைத்தனர். இரண்டாம் இராம்சேஸின் உடலும் 1881இல் அவ்வாறு அறியவந்த ஒரு மறைவிடத்திலேயே கிடைத்தது.

இப்பின்னணியில் யோசேப்பின் பெட்டியை மீண்டும் நோக்குவோம். எகிப்து உயர்குடியினருக்கு அளித்த மரியாதை அவருக்கும் கிடைத்தது. அதை அவர் மறுத்ததாகத் திருமறை கூறவில்லை. ஆனால் அவருடைய நம்பிக்கை பெட்டிக்குள் இருந்த எதையும் சார்ந்ததன்று. கடவுள் தம் மக்களைச் சந்திப்பார் என்று கூறி, தம் எலும்புகளைக் கொண்டுபோகும்படி ஆணையிடச் செய்தார். மோசே அவற்றை எடுத்துச் சென்றார். பின்னர் அவை சீகேமில் அடக்கம்பண்ணப்பட்டன. விடுதலை பெற்ற வேலையாட்களின் கூட்டம் அவற்றைச் சுமந்து சென்றது. தாம் சுமந்தவரின் நம்பிக்கையில் அவர்களுக்கும் பங்கு இருந்தது.

விலையுயர்ந்த பெட்டியின் அருகிலும், கடன்வாங்கிச் செய்த எளிய பெட்டியின் அருகிலும் நிற்பது ஆயரின் பணி. அடக்க ஒழுங்கில் நாம் வாசிக்கும் சொற்கள் இருவருக்கும் ஒன்றே. அவற்றை இருவருக்கும் ஒரே உறுதியோடு கூறுகின்றோமா என்பதை, அமர்னாவின் மணலில் பாய் சுற்றிக் கிடந்த இளையோரை நினைந்து நாம் நம்மையே கேட்டுக்கொள்வது நலம்.