சிம்லா ஆபீஸும் அப்பாவின் அறையும்

புனே வந்த புதிதில் சிவாஜிநகர் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் "சிம்லா ஆபீஸ், சிம்லா ஆபீஸ்" என்று கண்டக்டர் குரல் கேட்கும். சிம்லா எங்கே, புனே எங்கே? ஏதாவது டிராவல்ஸ் கம்பெனியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். விசாரிக்கத் தோன்றவில்லை. நமக்குத்தான் ஆபீஸ், வீடு, இ.எம்.ஐ. தவிர வேறெதுவும் கண்ணில் படாதே :-)

பல வருஷம் கழித்து அந்தப் பெயரைத் தேடிப் போக வைத்தது என் அப்பாவின் அறையில் தொங்கிய ஒரு தீப்பெட்டி அளவு சென்சார். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அம்மா போன பிறகு, 2023ல் அப்பாவைத் தூத்துக்குடியிலிருந்து இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். உப்பளத்தில் கணக்கப்பிள்ளையாக முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். எங்கள் வீடு மேல்மாடி. அதில் மேற்குப் பார்த்த சின்ன அறை அவருக்கு. ஏ.சி. போடவா என்றால் "எனக்கெதுக்குலே அதெல்லாம்" என்பார்.

2024 பிப்ரவரியில் பொழுதுபோக்காக நாலு ஒயர்லெஸ் சென்சார் வாங்கினேன். பால்கனி, சமையலறை, எங்கள் படுக்கையறை, அப்பா அறை என்று இடத்துக்கு ஒன்று. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து, சில நிமிஷத்துக்கு ஒரு முறை போனுக்கு அனுப்பும். 36 டிகிரி தாண்டினால் கிணிங் என்று மணி அடிக்கும்படி வைத்திருந்தேன். "வீட்டுக்குள்ள வெயில் அடிக்குதான்னு பாக்க மெஷின் வேறயா?" என்றார் தங்கமணி.

இந்த அளக்கும் ஆசை நமக்கு எப்போது வந்தது? சென்னை வானொலியில் செய்தி கேட்டு வளர்ந்தவர்களுக்கு "நுங்கம்பாக்கத்தில்... மீனம்பாக்கத்தில்..." என்ற வரிசை மறக்காது. அந்த நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வான் ஆய்வுக்கூடம் 1792ல் வந்துவிட்டது. அங்கே நட்சத்திரம் பார்த்தவர்கள் வானிலையையும் குறித்து வைத்தார்கள். ஆனால் நாடு முழுக்க ஒரே முறையில் அளக்க வேண்டும் என்ற எண்ணம் வர அடிமேல் அடி விழ வேண்டியிருந்தது. 1864ல் கல்கத்தாவைப் புயல் சூறையாடியது. 1866லும் 1871லும் பருவமழை பொய்த்தது. அதன் பிறகே 1875ல் இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது. ஹென்றி பிளான்போர்டு என்பவர் முதல் பொறுப்பாளர். 2025 ஜனவரியில் அந்தத் துறைக்கு 150 வயது நிறைந்தது.

துறை தொடங்கிய மறு வருஷமே தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணமும் தக்காணமும் வறண்டு கிடந்தன. செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். மழை இல்லை என்று தெரியாமல் இல்லை. மழைக்கணக்கு மேசைக்கு வந்துகொண்டுதான் இருந்தது, தானியமும் கப்பலேறிப் போய்க்கொண்டுதான் இருந்தது. இதை முதலில் படித்தபோது வெள்ளைக்காரனைத் திட்டினேன். கொஞ்ச நாளில் அந்தத் திட்டு எனக்கே திரும்பி வந்தது.

துறையின் தலைமையகம் கல்கத்தாவில் ஆரம்பித்து, 1905ல் சிம்லாவுக்குப் போய், 1928ல் அங்கிருந்து புனேக்கு வந்தது. புனேக்காரர்களுக்கு அது சிம்லாவிலிருந்து வந்த ஆபீஸ், அதாவது சிம்லா ஆபீஸ். 1944ல் தலைமையகம் டில்லிக்கு மாறிய பிறகும் பெயர் இங்கேயே தங்கிவிட்டது. என் பஸ் ஸ்டாப் மர்மம் விலகியது.

வெப்பத்தை அளப்பது ஓரளவு சுலபம், கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறும், இறங்கும். காற்றிலுள்ள ஈரத்தை எப்படி அளப்பது? ஜெனிவாவைச் சேர்ந்த சொஸ்யூர் 1783ல் தலைமுடியைப் பிடித்தார். நிஜமாகவே தலைமுடிதான்! காற்றில் ஈரம் கூடினால் முடி நீளும், குறைந்தால் சுருங்கும். முழு வறட்சிக்கும் முழு ஈரத்துக்கும் நடுவே நூற்றுக்கு இரண்டு, இரண்டரை பங்குதான் வித்தியாசம். ஒரு முள்ளை நகர்த்த அது போதும். சென்னையில் ரயில் விட்டு இறங்கியதும் தங்கமணியின் தலைமுடி தன் இஷ்டத்துக்கு எழுந்து நிற்பதற்கும் இதே ஈரம்தான் காரணம்.

இன்னொரு வழி நம் மண்பானை வழி. ஒரு வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி, பக்கத்தில் சும்மா ஒன்றை வைப்பார்கள். துணியிலுள்ள தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காற்று எவ்வளவு வறட்சியோ அவ்வளவு குளிரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஈரப்பதத்தைக் கணக்கிடலாம். நம் உடம்பு வியர்த்துக் குளிர்வதும் இப்படித்தான்.

அளக்கும் இடமும் முக்கியம். வெயிலில் வைத்த வெப்பமானி காற்றின் சூட்டைச் சொல்லாது, தன் சூட்டைத்தான் சொல்லும். அதற்காக தாமஸ் ஸ்டீவன்சன் 1864ல் ஒரு வெள்ளைப் பெட்டி செய்தார். நாலு பக்கமும் சாய்ந்த பலகைகள் வழியாகக் காற்று வரும், வெயில் வராது. புதையல் தீவு எழுதினாரே ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், அவருடைய அப்பா இவர். கல்லூரித் தோட்டத்தில் கால் முளைத்த தேனீப் பெட்டி மாதிரி ஒன்று நிற்குமே, அதுதான்.

ஒயர்லெஸ் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து! மேலே உள்ள காற்றை அளக்க, முன்பெல்லாம் கருவியைப் பலூனில் கட்டிப் பறக்கவிடுவார்கள். பலூன் வெடித்து, கருவி எங்கோ வயலிலோ காட்டிலோ விழும். யாராவது கண்டெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தால்தான் அது கீறிய கோட்டைப் படிக்க முடியும். கிடைக்காவிட்டால் போச்சு. 1929ல் பிரான்ஸில் ராபர்ட் ப்யூரோவும், 1930 ஜனவரியில் சோவியத் நாட்டில் பாவெல் மால்சனோவும் கருவியோடு ஒரு குட்டி ரேடியோவைச் சேர்த்து அனுப்பினார்கள். பலூன் மேலே போகப் போக அளவுகள் கீழே வந்துகொண்டிருந்தன. ரேடியோசோண்ட் என்று பெயர். மறு வருஷம் பின்லாந்தில் வில்ஹோ வைசலா தன்னுடையதைப் பறக்கவிட்டார்.

நம் ஊரும் சும்மா இருக்கவில்லை. 1940களில் வானிலைத் துறையின் எஸ்.பி. வெங்கடேஸ்வரனும் கூட்டாளிகளும் புனேயில் விசிறி வகை ரேடியோசோண்ட் ஒன்றைச் செய்தார்கள். பலூன் மேலேறும் வேகத்தில் காற்று பட்டு விசிறி சுழலும், அந்தச் சுழற்சியே ஒவ்வொரு அளவாக மாற்றி மாற்றி அனுப்ப வைக்கும். கடிகார எந்திரம் தேவையில்லை.

அந்தப் புனே ஆபீஸுக்கு 1948ல் வந்து சேர்ந்தவர் அன்னா மணி. 1918ல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சி.வி. ராமனிடம் வைரத்தையும் மாணிக்கத்தையும் ஆராய்ந்தவர். எம்.எஸ்ஸி. இல்லை என்று காரணம் சொல்லி சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் தர மறுத்துவிட்டது. இயற்பியல் படிக்கத்தான் 1945ல் லண்டன் போனார். வானிலைக் கருவிகளுக்கான உதவித்தொகைதான் கிடைத்தது, அதையே படித்துவிட்டு வந்தார். அப்போது வெப்பமானி போன்ற சாதாரணக் கருவிகளைக்கூட வெளிநாட்டிலிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தோம். அவர் சுமார் நூறு கருவிகளுக்கு வரைபடங்களை ஒழுங்குபடுத்தி, இங்கேயே செய்ய வைத்தார். 1964ல் ஓசோனை அளந்து ரேடியோவில் சொல்லும் கருவியும் அவர் முயற்சியில் வந்தது. துணை இயக்குநர் ஜெனரலாக 1976ல் ஓய்வு பெற்றார், 2001ல் காலமானார்.

தவறான அளவைவிட அளவே இல்லாமல் இருப்பது மேல் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். படித்தபோது 'அதெப்படி, ஒன்றுமே இல்லாததற்கு ஏதோ ஒன்று இருப்பது நல்லதுதானே' என்று எனக்குத் தோன்றியது. தப்பு.

பால்கனி சென்சாரை நான் மேற்குச் சுவரில், வெயில் நேராக விழும் இடத்தில் ஒட்டியிருந்தேன். ஏப்ரலில் அது 49 காட்டியது. ஆபீஸ் வாட்ஸப் குழுவில் போட்டு எல்லோரும் சிரித்தோம். தினமும் மத்தியானம் மீட்டிங்கில் கிணிங், கிணிங். ஒரு நாள் எரிச்சலில் மணியை மொத்தமாக அணைத்துவிட்டேன். அதோடு அப்பா அறையின் மணியும் அணைந்தது என்பது என் புத்தியில் ஏறவில்லை.

மே முதல் வாரம் ஒரு மத்தியானம் அப்பா குளியலறை வாசலில் மயங்கி விழுந்துவிட்டார். நல்லவேளை, தங்கமணி வீட்டில் இருந்தாள். உடம்பில் தண்ணீர் வற்றிப்போயிருக்கிறது என்று சொல்லி டிரிப்ஸ் ஏற்றினார்கள். ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து போனில் அவர் அறையின் கணக்கைத் திறந்து பார்த்தேன். பதினோரு நாளாக மத்தியானம் 38, 39. ஈரப்பதம் 14, 15. ராத்திரி பதினோரு மணிக்கும் 35, ஏனென்றால் பகலெல்லாம் குடித்த சூட்டை மொட்டைமாடித் தளம் ராத்திரிதான் இறக்குகிறது. எல்லாம் என் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. தாது வருஷத்து மேசைக்கும் என் போனுக்கும் என்ன வித்தியாசம்?

மறுநாள் அப்பாவிடம் "ஏம்ப்பா, சூடா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? தண்ணியாவது குடிச்சிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"வேர்க்கலயேலே. வேர்த்தாத்தான வெயிலு?"

அவர் சொன்னது தூத்துக்குடிக் கணக்கு. அங்கே கடல்காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாமல் உடம்பில் ஓடும், வெயில் தெரியும், தாகம் எடுக்கும். புனே கோடையில் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். உடம்பு தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும், சட்டை நனையாது. அறுபது வருஷம் அவர் நம்பிய அடையாளம் இந்த ஊரில் பொய் சொல்லிவிட்டது. வயதானவர்களுக்குத் தாகமும் சரியாகத் தெரியாது என்றார் டாக்டர். ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்து வைத்திருக்கிற எல்லோரும் இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நாலு சென்சாரையும் கழற்றிப் பரிசோதிக்க உட்கார்ந்தேன். உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சேறு மாதிரி குழைத்து, காற்றுப் புகாத டப்பாவில், சென்சாரில் படாமல் பன்னிரண்டு மணி நேரம் மூடி வைத்தால் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். அந்தச் சூட்டில் இந்தச் சூட்டில் என்று பெரிதாக மாறாது. கல்லுப்பை எடுத்தேன். கட்டிலில் படுத்திருந்த அப்பா, "அது வேண்டாம்லே, அதுல கசப்புச் சேந்திருக்கும், சீக்கிரமே தண்ணி விட்டுரும். சுத்தமான தூளுப்பு எடு" என்றார். பிறகுதான் படித்தேன், அந்தக் கசப்பு மெக்னீசியம் உப்பு, அது 75க்கு வெகு கீழேயே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். என் சென்சார்களுக்குள் இருப்பது ஈரத்தை உறிஞ்சும் ஒரு மெல்லிய படலம். வைசலா நிறுவனம் 1973ல் பலூன் கருவிக்காகக் கொண்டுவந்த தத்துவம் அது. ஆனால் எந்தக் காற்றில் எந்த உப்பு கசியும் என்பது முப்பத்தைந்து வருஷம் அம்பாரம் அம்பாரமாக உப்பைப் பார்த்த மனிதருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

காலையில் மூன்று சென்சார் 74, 75, 76 காட்டின. சமையலறைக்காரர் மட்டும் 83. தாளிப்புப் புகை படலத்தைக் கெடுத்திருக்க வேண்டும். அதைத் தூக்கிப் போட்டேன். பால்கனி சென்சாரை நிழலுக்கு மாற்றி, பழைய பிளாஸ்டிக் தட்டுகளை அடுக்கி ஒரு குட்டி ஸ்டீவன்சன் பெட்டி செய்தேன். 49 காணாமல் போனது. மணியை மறுபடியும் திறந்தேன்.

அப்பாவைக் கிழக்குப் பக்க அறைக்கு மாற்றி, மேற்கு அறையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். சொசைட்டி செக்ரட்டரியிடம் நாலு முறை கெஞ்சி மொட்டைமாடிக்கு வெள்ளை பூசினோம். எங்கள் வீட்டுக் கணக்குப்படி ராத்திரி சூடு மூன்று டிகிரி குறைந்தது.

வானிலைத் துறையில் காலை 8.30க்கும் மாலை 5.30க்கும் அளவெடுப்பார்கள் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். மறுநாளே ஒரு நோட்டு கேட்டார். கணக்கப்பிள்ளை கையெழுத்தில் கட்டம் போட்டு, நேரம், சூடு, ஈரம் என்று இரண்டு வேளையும் எழுதுகிறார். போனில்தான் தானாக ஏறுகிறதே என்றால், "உன் போனை நீ பாத்த லட்சணந்தான் தெரியுமே" என்கிறார்.

நாலாவதாக ஒரு கட்டம் அவராகவே போட்டுக்கொண்டிருக்கிறார். நேற்று மாலை அதில் எழுதியிருந்தது: தண்ணி, 6 செம்பு.