மறுகட்டமைப்புக்கு முன் ஒரு நகல்

சின்னாளப்பட்டியில் ஒரு சேலை உற்பத்தி நிறுவனத்தின் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். பல ஆண்டுக் கணக்குகளும் பார்டர், புட்டா வடிவங்களும், பல டிஸ்குகளை ஒரே தொகுதியாக இணைக்கும் ரெய்டு 5 முறையில் கட்டிய நான்கு ஹார்டு டிஸ்குகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 4 டெராபைட். ஒன்று செத்துவிடுகிறது. வேலை நிற்பதில்லை. பழுதுபார்க்க வருபவர் புது டிஸ்கைச் செருகி உடனே மறுகட்டமைப்பைத் தொடங்குகிறார். வேறு பேக்கப் இல்லாத இடத்தில் இந்த வரிசை தவறு, முதலில் நகலெடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டுக்குப் பெயரிட்டு அதன் வகைகளை வரையறுத்தனர். ரெய்டு 5இன் கணக்கு எளியது. மூன்று டிஸ்குகளில் 1, 0, 1 என்ற பிட்டுகள் இருந்தால், ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாகும்படி நான்காவதில் 0 எழுதப்படும், அதுவே பாரிட்டி. எந்த ஒன்று தொலைந்தாலும் மற்ற மூன்றிலிருந்து அதைக் கணித்துவிடலாம்; அப்படிக் கணித்துப் புது டிஸ்கில் எழுதுவதே மறுகட்டமைப்பு. ஆனால் அந்த மூன்றும் பிசகில்லாமல் படிக்கப்பட வேண்டும்.

இடர் அங்கேதான். நம் எடுத்துக்காட்டில் மறுகட்டமைப்புக்கு 12 டெராபைட் படித்தாக வேண்டும். பல சாதாரண டிஸ்குகளின் விவரக்குறிப்பு, 100 லட்சம் கோடி பிட்டுகளுக்கு, அதாவது 12.5 டெராபைட்டுக்கு, ஒரு படிப்புப் பிழை வரை அனுமதிக்கிறது. அது உச்சவரம்பு, நடைமுறையில் பெரும்பாலும் அவ்வளவு மோசமில்லை. ஆயினும் படிக்கும்வரை வெளித்தெரியாத பிழைகள் உண்டு. பைரவசுந்தரம் முதலானோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 15.3 லட்சம் டிஸ்குகளுள் 3.45 விழுக்காட்டில் 32 மாதங்களுக்குள் இத்தகைய பிழைகள் தென்பட்டன. நம் அலுவலகத்தில் மாதந்தோறும் டிஸ்குகளை முழுவதுமாகப் படித்துச் சரிபார்த்திருந்தால், பாரிட்டி துணையிருக்கும்போதே அவற்றைத் திருத்தியிருக்கலாம்.

டிஸ்குகள் தனித்தனியாகச் சாகும் என்ற நம்பிக்கையும் தளர்ந்துவிட்டது. ஷ்ரோடரும், ரெய்டை முன்மொழிந்த அதே கிப்சனும் 2007இல் ஏறத்தாழ 1,00,000 டிஸ்குகளின் பதிவுகளை ஆராய்ந்தனர்; பழுதுகள் காலத்தில் கொத்தாக வருவதைக் கண்டனர். நம் அலுவலகத்தின் நான்கு டிஸ்குகளும் ஒரே நாளில் வாங்கி, ஒரே பெட்டியில், ஒரே சூட்டில் ஓடியவை. ஒரே தொட்டியில் சாயம் ஏற்றிய நூல் ஒன்றாகவே வெளுப்பதை நெசவூருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நகலெடுக்கவும் அதே டிஸ்குகளைத்தானே படிக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான மறுப்பு. ஆனால் நகலெடுப்பில் எது முதலில் என்று நாம் தீர்மானிக்கலாம்: இந்த ஆண்டுக் கணக்கு, பிறகு வடிவங்கள், கடைசியில் பழைய புகைப்படங்கள். நடுவே பிழை வந்தால் ஒரு கோப்பு போகும். மறுகட்டமைப்பில் அதே பிழை வந்தால் சில ரெய்டு கட்டுப்பாட்டு அட்டைகள் பணியையே கைவிட்டு, தொகுதி முழுவதையும் மூடிவிடுகின்றன. புதிய, சோதித்த பேக்கப் கையிலிருந்தால் நேரே மறுகட்டமைக்கலாம். அப்போது தாமதம்தான் ஆபத்து.

இரண்டாவது டிஸ்கும் விழுந்துவிட்டால் பெட்டியை அணைத்துவிட வேண்டும். எந்த டிஸ்க் எந்த இடத்தில் இருந்தது என்று எண்ணிட்டு, படிக்க முடிகிற ஒவ்வொன்றையும் டிடிரெஸ்கியூ (ddrescue) போன்ற மென்பொருளால் வேறு டிஸ்குக்குப் பிரதியெடுத்து, பிரதிகளிலேயே தொகுதியைச் சேர்த்துப் பார்க்கலாம். அப்போதும் முதலில் விழுந்ததைச் சேர்க்கக் கூடாது. முன்பே நின்றுபோன அதன் பழைய பிட்டுகள் புதிய பாரிட்டியோடு கலந்தால், நல்ல கோப்புகளும் சிதையும். கடைசியாக விழுந்ததன் பிரதியைத்தான் சேர்க்க வேண்டும்.