லேகாக் டி நார்மன்வில் ஓவர்டிரைவ் புதுப்பித்தல்

லேகாக் டி நார்மன்வில் ஓவர்டிரைவ் என்பது, தானுந்தின் கியர்ப்பெட்டியின் பின்புறத்தில் பொருத்தப்படும் ஒரு துணைப் பற்சக்கர அமைப்பாகும். எட்கர் டி நார்மன்வில் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் இதனை வடிவமைத்தார். இங்கிலாந்தின் செபீல்டு நகரில் இருந்த லேகாக் எஞ்சினியரிங் நிறுவனம் இதனைத் தயாரித்தது. டிரையம்ப், ஆஸ்டின் ஹீலி, எம்.ஜி. முதலிய பிரித்தானிய விளையாட்டுத் தானுந்துகளில் இது பரவலாகப் பயன்படுத்தப்பட்டது. பழைய தானுந்துகளைப் பேணுவோருக்கு இவ்வமைப்பைக் கழற்றிப் புதுப்பித்தல் ஒரு முக்கியப் பணியாகும். எனினும் ஓவர்டிரைவ் இயங்காமல் போவதற்கான காரணங்கள் பலவும் அலகிற்கு வெளியே உள்ள மின் இணைப்பிலோ எளிதில் எட்டக்கூடிய வால்விலோ இருப்பதால், கழற்றுவதற்கு முன் செய்யப்படும் சோதனையே இப்பணியின் முதற்பகுதியாகக் கருதப்படுகிறது.

வரலாறு

1948 ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு வான்கார்டு தானுந்தில் இவ்வமைப்பு முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. 1953 இல் வெளிவந்த டிரையம்ப் டி.ஆர்.2 வண்டியிலும் இது விருப்பத் தேர்வாகக் கிடைத்தது. சுமார் 40 ஆண்டுகளில் 35 இலட்சத்திற்கும் மேற்பட்ட அலகுகள் தயாரிக்கப்பட்டன. அவற்றில் 10 இலட்சத்திற்கும் மேற்பட்டவை சுவீடனின் வால்வோ தானுந்துகளில் பொருத்தப்பட்டன. ஏ, டி, எல்.எச்., ஜே, பி எனப் பல வகைகள் உண்டு. டி.ஆர்.2 முதல் 1972 வரையிலான டி.ஆர்.6 வரை ஏ வகையும், அதன் பின்னர் ஜே வகையும் பயன்பட்டன. இக்கட்டுரை டிரையம்ப் டி.ஆர். வரிசையின் ஏ வகையை முதன்மையாகக் கொண்டு விளக்குகிறது.

அமைப்பும் இயக்கமும்

ஓவர்டிரைவின் நடுவே சூரியச் சக்கரம், அதனைச் சுற்றி மூன்று கோள் சக்கரங்கள், வெளியே உட்பற்கள் கொண்ட வளையச் சக்கரம் ஆகியவை அமைந்துள்ளன. கோள் சக்கரங்களைத் தாங்கும் சட்டம் கியர்ப்பெட்டியின் தண்டோடும், வளையச் சக்கரம் பின்சக்கரங்களுக்குச் செல்லும் தண்டோடும் இணைந்துள்ளன.

நேரடி ஓட்டத்தின்போது ஒருவழிக் கிளட்ச் ஒன்றின் வழியாக விசை பின்னோக்கிச் செல்கிறது. அப்போது கூம்புக் கிளட்சைச் சுருள்வில்கள் வளையச் சக்கரத்தோடு அழுத்திப் பிடிக்கின்றன. வண்டி பின்னோக்கிச் செல்லும்போதும், எஞ்சினைக் கொண்டு வேகத்தைக் குறைக்கும்போதும் இக்கூம்புக் கிளட்சே விசையைத் தாங்குகிறது.

ஓட்டுநர் சுவிட்சைப் போட்டவுடன் சொலினாய்டு ஒரு வால்வைத் திறக்கிறது. எண்ணெய் அழுத்தம் இரு பிஸ்டன்களைத் தள்ள, கூம்புக் கிளட்ச் வளையச் சக்கரத்தை விட்டு விலகி, அசையாத தடை வளையத்தில் பதிகிறது. சூரியச் சக்கரம் நின்றுவிடுவதால் வளையச் சக்கரம் கோள் சட்டத்தை விட வேகமாகச் சுழல்கிறது. ஏ வகையில் பொதுவான விகிதம் 0.82 ஆகும். அதாவது எஞ்சின் நிமிடத்திற்கு 3000 முறை சுழல வேண்டிய வேகத்தில் 2460 முறை சுழன்றால் போதும். இதற்கான அழுத்தத்தைக் கியர்ப்பெட்டித் தண்டினால் இயக்கப்படும் சிறு பம்பு உருவாக்குகிறது. சுருள்வில் கொண்ட சேமகம் ஒன்று அதனைத் தேக்கி வைக்கிறது. மாதிரியைப் பொறுத்து இவ்வழுத்தம் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 350 முதல் 500 பவுண்டு வரை இருக்கும்.

கழற்றுவதற்கு முன் செய்யப்படும் சோதனைகள்

கியர்ப்பெட்டியும் ஏ வகை ஓவர்டிரைவும் ஒரே எண்ணெயைப் பயன்படுத்துகின்றன. ஆகவே எண்ணெய் மட்டமே முதலில் பார்க்கப்படுகிறது. அடுத்து, எஞ்சினை இயக்காமல் மின்சாரத்தை மட்டும் கொடுத்து, மேல் கியரில் சுவிட்சைப் போடும்போது சொலினாய்டின் ஒலி கேட்கிறதா எனச் சோதிக்கப்படுகிறது. ஒலி இல்லையெனில் ரிலே, கியர்ப்பெட்டியின் மேலுள்ள தடுப்புச் சுவிட்ச், கம்பி இணைப்பு ஆகியவற்றில் குறை இருக்கக்கூடும்.

சொலினாய்டில் இழுக்கும் சுருள், பிடித்து வைக்கும் சுருள் என இரண்டு உண்டு. இழுக்கும்போது சுமார் 15 முதல் 20 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. இழுத்து முடித்தவுடன் அது 2 ஆம்பியர் அளவிற்குக் குறைந்துவிட வேண்டும். நெம்புகோல் சரியாக அமைக்கப்படாவிட்டால் மின்னோட்டம் குறையாமல் சுருள் எரிந்துவிடும். இதனைச் சரிபார்க்க நெம்புகோலிலும் உறையிலும் துளைகள் உள்ளன. சொலினாய்டு இயங்கிய நிலையில் 3/16 அங்குல ஆணி இரு துளைகளின் வழியாகவும் செல்ல வேண்டும்.

இயக்கு வால்வின் தண்டில் உள்ள நுண்துளை அடைபட்டால், சுவிட்சை அணைத்த பிறகும் எண்ணெய் வெளியேறாது. ஓவர்டிரைவ் விலகத் தாமதமாகும். வால்வை வெளியே எடுத்துத் துளையைத் தூய்மை செய்வதே இதற்குத் தீர்வாகும். வால்வின் மேல் அடைப்பானுக்குப் பதிலாக அழுத்தமானியைப் பொருத்தி எண்ணெய் அழுத்தத்தையும் அளக்கலாம். அழுத்தம் போதிய அளவு இருந்தும் வழுக்குமானால், கூம்புக் கிளட்சின் உராய்வுப் பூச்சு தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. அப்போதுதான் முழுமையாகக் கழற்றுவது தேவையாகிறது.

பின்கியர் குறித்த எச்சரிக்கை

ஓவர்டிரைவ் விலகாத நிலையில் வண்டியைப் பின்னோக்கி ஓட்டக்கூடாது. பின்கியரில் வளையச் சக்கரம் எதிர்த்திசையில் வேகமாகச் சுழல முயல, ஒருவழிக் கிளட்ச் இறுகி அதனைத் தடுக்கிறது. சூரியச் சக்கரமும் பிடிபட்டிருப்பதால் அலகு முழுவதும் பூட்டிக்கொண்டு உட்பாகங்கள் உடைந்துவிடும். ஒரு சிறு துளையின் அடைப்பு இவ்வாறு முழு அலகையும் அழித்துவிடக்கூடும்.

கழற்றுதலும் பரிசோதனையும்

டி.ஆர். வண்டிகளில் இருக்கைகளையும் நடு மூடியையும் அகற்றிய பின் கியர்ப்பெட்டி வண்டியின் உட்புறம் வழியாக வெளியே எடுக்கப்படுகிறது. எந்த வேலைக்கும் முன்னர், எஞ்சின் நின்ற நிலையில் சொலினாய்டைப் பத்துப் பன்னிரண்டு முறை இயக்கிச் சேமகத்தின் அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும்.

அலகைக் கியர்ப்பெட்டியோடு இணைக்கும் ஸ்டட்டுகளில் சில நீளமானவை. கிளட்சின் சுருள்வில்கள் அழுந்திய நிலையில் இருப்பதால், குட்டை ஸ்டட்டுகளின் நட்டுகளை முதலில் கழற்றி, நீண்டவற்றைச் சிறிது சிறிதாகவும் சமமாகவும் தளர்த்துவர். கழற்றிய பின் பின்வருவன பார்வையிடப்படுகின்றன:

கூம்புக் கிளட்ச்: உட்புற, வெளிப்புறப் பூச்சுகளின் தேய்மானமும் எரிந்த தடமும்.
ஒருவழிக் கிளட்ச்: உருளைகளிலும் அவை ஏறும் சரிவுகளிலும் உள்ள பள்ளங்கள்.
பம்பும் சேமகமும்: பிஸ்டன்களின் கீறல், வளையங்களின் தேய்மானம், வால்வு இருக்கைகள்.
பேரிங்குகள், அழுத்த வளையத்தகடுகள், பின்புற எண்ணெய்த் தடுப்பான்.

ஏ வகையிலேயே ஆண்டுக்கு ஆண்டு பாகங்கள் மாறியுள்ளன. எனவே அலகின் மேலுள்ள தகட்டில் பொறித்த எண்ணைப் பார்த்தே மாற்றுப் பாகங்கள் வாங்கப்படுகின்றன. வால்வுகளில் ஒரு நூலிழை சிக்கினாலும் அழுத்தம் குறையும் என்பதால், நூல் உதிராத துணியையே பயன்படுத்துவது வழக்கம்.

மீண்டும் பொருத்துதல்

ஒவ்வொரு கோள் சக்கரத்திலும் குறியிடப்பட்ட பல் ஒன்று உண்டு. அக்குறிகள் மூன்றும் வெளிநோக்கி இருக்குமாறு திருப்பிய பின்னரே சூரியச் சக்கரம் செருகப்படுகிறது. கியர்ப்பெட்டியின் தண்டு, கோள் சட்டம், ஒருவழிக் கிளட்ச் ஆகிய இரண்டின் உட்பள்ளங்களிலும் ஒருசேர நுழைய வேண்டும். இவற்றை நேர்ப்படுத்த அதே வடிவிலான மாதிரித் தண்டு பயன்படுகிறது. பம்பை இயக்கும் நெம்புருளையின் தாழ்ந்த பக்கம் பம்பின் பக்கம் இருக்குமாறு வைக்கப்படுகிறது.

சரியாக நேர்ப்பட்டிருந்தால் சுருள்வில்கள் தொடும் வரை அலகு கையாலேயே நகர்ந்து செல்லும். அதற்கு முன்பே நின்றுவிட்டால் பள்ளங்கள் விலகியுள்ளன எனக் கொண்டு மீண்டும் நேர்ப்படுத்த வேண்டும். நட்டுகளை இறுக்கி இழுக்க முயன்றால் அலுமினிய உறை உடையும்.

எண்ணெயில் வழுக்கும் தன்மையைக் கூட்டும் சேர்ப்பான்கள் எதையும் கலப்பதில்லை. கலந்தால் கூம்புக் கிளட்ச் வழுக்கும். புதிய எண்ணெய் உட்பாதைகளிலும் சேமகத்திலும் நிறைவதால், சிறிது தூரம் ஓட்டிய பின் மட்டம் மறுபடியும் பார்க்கப்படுகிறது. ஓவர்டிரைவ் உடனே சேர்வதும் உடனே விலகுவதும் உறுதியான பின்னரே பின்கியர் பயன்படுத்தப்படுகிறது.

பிற்கால நிலை

ஐந்து வேகக் கியர்ப்பெட்டிகள் பரவலானதும் தனி ஓவர்டிரைவின் தேவை குறைந்து, உற்பத்தியும் நின்றது. சிலர் பழைய வண்டிகளில் போர்டு, டொயோட்டா நிறுவனங்களின் ஐந்து வேகக் கியர்ப்பெட்டிகளைப் பொருத்துகின்றனர். மூல அமைப்பை அப்படியே காக்க விரும்புவோர் லேகாக் அலகுகளையே புதுப்பித்துப் பயன்படுத்தி வருகின்றனர்.