தக்கோலமும் ஒரு வேட்டைநாயும்

பெங்களூரின் தென்புறத்தே பொம்மனஹள்ளியில் வாழும் நம்மவருள் பலர், அண்டையூராகிய பேகூரின் பழமையை அறியார். கங்கர் காலத்தில் அங்கு நாட்டப்பெற்ற வீரக்கல் ஒன்று கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. யானைகள் பொரும் அக்கல்லைக் காணச் செல்வோர், 1865-இல் தோன்றிய அக்காட்சிச்சாலையில் ஆதகூர்க் கல்லையும் காணுதல் வேண்டும். அது நம் வரலாற்றைத் தொடுவது.

மண்டியா மாவட்டத்தில் கிடைத்த அக்கல், கி.பி. 949–50-க்கு உரியது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் தக்கோலத்தில் சோழரொடு பொருததையும், பராந்தகன் மைந்தன் இராசாதித்தனைக் கங்கன் பூதுகன் கொன்றதையும் அது கன்னடத்தில் உரைக்கின்றது. ஆயின், கல் எழுந்தது அதற்காக அன்று! தன் வீரன் மணலேரனிடம் மகிழ்ந்த பூதுகன், வேண்டுவது கேள் என்றான். பொன்னோ ஊரோ கேளாமல், காளி என்னும் வேட்டைநாயைக் கேட்டான் அவ்வீரன். பின்னர் அது பெரும் பன்றியொன்றோடு பொருது, இரண்டும் மடிந்தன. அந்நாயின் நினைவாகவே இக்கல் எழுந்தது. பூசைக்கு நிலமும் விடப்பட்டது. கல்லைப் பூசியாது பூசகன் உண்ணலாகாது என்ற கட்டளையும் உண்டு.

பூதுகன் வஞ்சித்துக் கொன்றான் என்றே இச்சாசனத்தை அறிஞர் முதலில் படித்தனர். பிறகு, யானையின் அம்பாரியே போர்க்களமாயிற்று என்பதே பொருள் எனத் திருத்தினர். பழியொன்று, ஒரு சொல்லின் வாசிப்பால் நீங்கியது. ஆனைமங்கலச் செப்பேடும், இராசாதித்தன் யானைமீதே அம்பு தைத்து வீழ்ந்தான் என்றே கூறும். பகைவர் கல்லும் நம் செப்பேடும் யானைமேல் நிகழ்ந்த அம்மரணத்தில் ஒன்றுபடுகின்றன.

நாய்க்குப் பெருமை செய்தல் தமிழர்க்கும் புதிதன்று. திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில், கோவிவன் என்னும் நாய் தன் தலைவனோடு உருவாக்கப்பட்டுள்ளது.