பதினாறு பேர் சுமந்த இடையர்கள்

1483 மே 28 அன்று, ஆர்னோ ஆற்றில் படகேறி வந்த ஒரு பெரும் சுமையை 16 பேர் தோள்கொடுத்து ஃப்ளாரன்ஸ் தெருக்களில் தூக்கிப் போனார்கள். குழந்தை யேசுவை இடையர்கள் வணங்க வரும் காட்சியை மூன்று பலகைகளில் தீட்டிய ஓவியம் அது; விரித்து வைத்தால் அகலம் கிட்டத்தட்ட 6 மீட்டர். போய்ச் சேர்ந்த இடம் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையின் தேவாலயம்.

தீட்டியவர் பிளாண்டர்ஸ் நாட்டு ஹ்யூகோ வான் டெர் கூஸ். தீட்டச் சொன்னவர் தொம்மாஸோ போர்த்தினாரி, ப்ரூஜ் நகரில் மெடிச்சி வங்கிக் கிளையின் மேலாளர். மருத்துவமனையை 1288இல் நிறுவியது அவருடைய முன்னோர்தான்.

ப்ரூஜிலிருந்து ஃப்ளாரன்ஸுக்குக் கடல்வழி அன்று லேசானதல்ல. இதே வங்கியைச் சேர்ந்த ஒருவர் ஹான்ஸ் மெம்லிங் என்ற ஓவியரிடம் வாங்கிய ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியத்தை, 1473இல் வழியில் டான்சிக் நகரக் கப்பல்காரர்கள் மடக்கிக் கொண்டுபோனார்கள். அது இன்றும் போலந்தில்தான் இருக்கிறது. ஹ்யூகோவின் பலகைகள் சிசிலியைச் சுற்றி, பீசா வந்து, பத்திரமாகக் கரையேறின. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே ஹ்யூகோ ஒரு மடத்தில் இறந்துபோயிருந்தார்.

ஃப்ளாரன்ஸ் ஓவியர்கள் பெரும்பாலும் முட்டைக் கருவில் வண்ணம் குழைப்பவர்கள். அது சட்டென்று காய்ந்துவிடும். எண்ணெயில் குழைத்ததோ மெல்ல உலரும்; ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய பூச்சுகளை ஏற்றலாம். கண்ணாடிக் குவளை நீரில் ஊடுருவும் ஒளியை ஹ்யூகோ பிடித்தது அப்படித்தான். குழந்தை யேசு தொட்டிலில் இல்லை, வெறும் தரையில் கிடக்கிறார். புனிதர்கள் பெரிய உருவம், காலடியில் போர்த்தினாரி குடும்பம் சிறிய உருவம். தூரத்துக்கேற்ப உருவத்தைக் கணக்காய் அளந்து போட்ட இத்தாலியர்களுக்கு இது பழைய பாணியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் வலப்பக்கம் மூன்று இடையர்கள். வெயிலில் கறுத்த முகம், காய்த்துப்போன கை. ஒருவன் பல் தெரிய வாய்பிளந்து நிற்கிறான். ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

இரண்டே ஆண்டில், 1485இல், தொமெனிக்கோ கிர்லாண்டாயோ அதே காட்சியைத் தீட்டினார். கேட்டவர் பிரான்செஸ்கோ சசெட்டி. மெடிச்சி வங்கியின் தலைமை மேலாளர், அதாவது போர்த்தினாரிக்கு மேலதிகாரியாக இருந்தவர்! கிர்லாண்டாயோவும் இடையர்களை வலப்பக்கமே வைத்தார், முரட்டு முகங்களையும் விடவில்லை. ஆனால் பதற்றத்தை வடிகட்டிவிட்டார். மாட்டுத்தொட்டி ரோமானியக் கல்பேழையாகிவிட்டது, கொட்டகைக்குக் கல்தூண்கள் வந்துவிட்டன. குழந்தையைச் சுட்டிக்காட்டும் இடையன் முகம் ஓவியருடையதே என்கிறார்கள். அழகான படம்தான், எனக்கென்னவோ ஹ்யூகோவின் வாய்பிளந்தவன்தான் உண்மையாகவே ஓடிவந்தவன்.

போர்த்தினாரி கடன்பட்டு நொடித்து, 1501இல் அதே மருத்துவமனையில் இறந்தார். அவர் தீட்டச் சொன்ன ஓவியம் இப்போது உஃபீத்ஸி அருங்காட்சியகத்தில். கிர்லாண்டாயோவுடையது சாந்தா திரினிதா தேவாலயத்தில், வரைந்து வைத்த இடத்திலேயே. இரண்டுக்கும் நடுவே பத்து நிமிட நடைதான். ஃப்ளாரன்ஸ் போனால் முதலில் ஹ்யூகோவைப் பாருங்கள், பிறகு மற்றதற்கு நடங்கள்.